சப்பரம் திரும்பும் தெருவுக்கு வழி கேட்டவர்கள்

நாவல் எழுதுவதில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. எழுதி முடித்த பிறகு அதைப் படித்தவர்களோடு ஒரே ஊரில் குடியிருப்பதுதான் சிரமம். முதல் புத்தகத்தைப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாப்பிலும் ரேஷன் கடையிலும் திருதிருவென்று முழித்தவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "உங்க புக்கைப் படிச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்களே, அந்தக் கொஞ்ச நேரத்தில் நாம் படுகிற பாடு நமக்குத்தான் தெரியும்.

நான் மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். பெயர் ஸ்டெல்லா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நானும் அம்மாவும் கோச்சடையில் குடியிருந்தோம். வீட்டு வாசலில் நின்றால் வைகைப் பக்கமிருந்து காற்று வரும். தண்ணீர் வருவது அபூர்வம். இரண்டாயிரமாவது வருடத்தை ஒட்டி 'சப்பரம் திரும்பும் தெரு' என்று ஒரு நாவல் எழுதினேன். அதுதான் முதல் நாவல். இன்றுவரை அதுவேதான் கடைசியும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமயநல்லூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். மூத்த மகன் அப்பாவோடு மனஸ்தாபப்பட்டு வீட்டை விட்டுப் போய்விடுகிறான். வருடங்கள் ஓடுகின்றன. கோயில் திருவிழாவில் புனிதர் சொரூபம் வைத்த சப்பரம் அவர்கள் தெருமுனைக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. தூக்குகிறவர்கள் என்ன முட்டியும் திருப்ப முடியவில்லை. ஒரு தோள் குறைகிறது. அப்போது கூட்டத்திலிருந்து ஒருவன் வந்து தோள் கொடுக்கிறான், சப்பரம் திரும்புகிறது. வந்தவன் அந்த மகன். எங்கள் ஆட்கள் இதைப் புதுமை என்பார்கள், மற்றவர்கள் அற்புதம் என்பார்கள்.

இதில் பாதி எங்கள் வீட்டில் நடந்தது. போனது நடந்தது, வந்தது நடக்கவில்லை.

எனக்கு ஒரு அண்ணன், ஜெரோம். கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் பிழைக்க மாட்டான் என்று எல்லோரும் கைவிட்ட பிள்ளை. பிழைத்தால் இவனைச் சாமியாராக்கி உமக்கே தருகிறேன் என்று அம்மா ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டாள். பிழைத்தான். பத்தாவது முடித்ததும் சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்கு அனுப்பினார்கள். சில வருடம் படித்துவிட்டு, இது எனக்கு ஒத்துவராது என்று பெட்டியோடு வந்து வாசலில் நின்றான். "நேந்து குடுத்த பிள்ளையைத் திருப்பி வாங்குற வழக்கம் இந்த வீட்டுல இல்ல" என்றார் அப்பா. அண்ணன் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை, அப்படியே திரும்பி நடந்துவிட்டான். அந்த ஒரு வார்த்தைக்காக அப்பா பிறகு மனசுக்குள் எவ்வளவு வருத்தப்பட்டார் என்பது எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லாமலே இறந்தும் போனார்.

அதன் பிறகுதான் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோச்சடைக்கு வந்தோம். அண்ணனுக்கு இந்த வீடு தெரியாது. பேப்பரில் 'காணவில்லை' விளம்பரம் கொடுக்கலாம் என்று போனேன். "தாயார் கவலைக்கிடம், உடனே வரவும்னு போடுங்க, அப்பத்தான் வருவாங்க" என்றார் அங்கே இருந்தவர். வீட்டில் வந்து சொன்னால் அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். பொய் சொல்லியா பிள்ளையக் கூப்புடுறது?" என்றாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அண்ணன் கையில் அகப்பட்டதையெல்லாம் படிக்கிற ஆள். கடலை மடித்து வந்த தாளைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் கசக்கிப் போடுவான். எந்த ஊரில் இருந்தாலும் புத்தகக் கடையைப் பார்த்தால் நுழையாமல் இருக்க மாட்டான். அதனால் நாவல். அட்டையில் அப்பாவின் இனிஷியலோடு என் பெயர், உள்ளே கோச்சடை முகவரி, போன் நம்பர். மற்றவர்கள் எதற்காக நாவல் எழுதுகிறார்களோ தெரியாது, நான் எழுதியது இருநூறு பக்கத்துக்கு ஒரு விலாச மாற்ற அறிவிப்பு.

அறிவிப்பைப் பார்த்துவிட்டு அண்ணனைத் தவிர எல்லோரும் வந்தார்கள்.

பெருமாளுக்கு ஒரு மாலை

எங்கள் ஸ்டாஃப் ரூமில் எனக்கு எதிர் நாற்காலி சயின்ஸ் டீச்சர் ஹேமாவுக்கு. சௌராஷ்டிரக் குடும்பம். அவளுடைய அம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் ஹேமா தினமும் சாயங்காலம் ஒரு அத்தியாயத்தை வாசித்து, புரியாத இடத்தைத் தங்கள் பாஷையில் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் அந்த அம்மாவின் அபிப்பிராயம் எனக்கு வந்து சேரும். அப்பாக்காரர் மேல் அந்த அம்மாவுக்கு ஏகக் கோபம். அவருக்குச் சாவு வரும் அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு, "சரி, போகட்டும்" என்று மட்டும் சொன்னாராம்.

கடைசி அத்தியாயம் முடிந்த மறுநாள் ஹேமா ஒரு மாதிரியாக வந்து உட்கார்ந்தாள். முதல் பீரியடுக்கு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. அம்மா வேண்டுதல் வைத்துவிட்டார் என்றாள். கதையில்தான் பையன் வந்துவிட்டானே, இனி எதற்கு வேண்டுதல் என்று கேட்டேன். கதையில் வந்தார், வீட்டுக்கு இன்னும் வரவில்லை என்று தானே சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டாள். பிறகு இப்படிச் சொன்னாள்:

"உங்க அண்ணன் வந்ததும் அவர் கையாலேயே பெருமாளுக்குத் துளசி மாலை போடணும்னு நேந்துக்கிட்டாங்க டீச்சர். அவங்க கிறிஸ்டியன்மா, அப்படியெல்லாம் வர மாட்டாங்கன்னு சொன்னேன். 'அது பெருமாளுக்குத் தெரியும், நீ சும்மா இரு'ன்னுட்டாங்க."

இரண்டு பக்கமும் அடி

புத்தகத்துக்கு ஒரு விமர்சனக் கூட்டம் வைத்தார்கள். மேலமாசி வீதிப் பக்கம் ஒரு மாடி அறை, சுற்றுகிற ஃபேன் ஒன்று, சுற்றாத ஃபேன் மூன்று. பேச வந்தவர்கள் இருவர். ஒருவர் ஓய்வு பெற்ற ஃபாதர். ஒரு நிகழ்ச்சியைப் புதுமை என்று சொல்வதற்குத் திருச்சபையில் விசாரணை உண்டு, முறை உண்டு, மேலிடத்தில் ஒப்புதல் வேண்டும். டீச்சர் தன் இஷ்டத்துக்கு ஒரு புதுமையைக் கடைசி அத்தியாயத்தில் வழங்கிவிட்டார் என்று வருத்தப்பட்டார். இன்னொருவர் பேங்க் யூனியனில் இருப்பவர், சாமி நம்பிக்கை கிடையாது. சப்பரம் திரும்பாததற்குக் காரணம் பாரம் ஒரு பக்கமாக இறங்கியதுதான், ஒரு கணக்கு டீச்சரே இதை அற்புதமாக்கினால் இந்த நாடு எப்படி உருப்படும் என்று மேசையைத் தட்டினார். இரண்டு பேருக்கும் ஒரே ஆட்கள் கை தட்டினார்கள்.

எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. தாமதமாக வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள், நான் மேடையில் உட்கார்ந்து ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு இப்போது நரைத்திருக்குமா, வழுக்கை விழுந்திருக்குமா என்பதுகூட எனக்குத் தெரியாது. அப்பா வழுக்கை. அதனால் வழுக்கைத் தலை வந்தால் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தேன்.

கூட்டம் முடிந்து கீழே டீக்கடையில் நின்றபோது யூனியன்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். இன்னும் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அற்புதம் கிற்புதமெல்லாம் கிடக்கட்டும் டீச்சர். அந்தப் பையன் நெசமாவே வந்துட்டான்ல?"

பக்திப் புத்தக வரிசையில்

டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு புத்தகக் கடையில் ஐந்து பிரதி வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் நாவல் வரிசையில் காணோம். அட்டையில் சப்பரம் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஜெப மாலைக்கும் நவநாள் புத்தகங்களுக்கும் நடுவில் சொருகியிருந்தார் கடைக்காரர். அங்கேதான் நன்றாகப் போகிறது என்று வேறு சொன்னார். ஒரு அம்மா மட்டும் உள்ளே ஜெபம் ஒன்றுகூட இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம், ஆனால் முழுசாகப் படித்து முடித்துவிட்டுத்தான்.

நான் அடிக்கடி அந்தக் கடைக்குப் போக ஆரம்பித்தேன். வாங்கியது யார், உயரமா, வெளியூர் ஆள் மாதிரி இருந்தாரா, முகவரிப் பக்கத்தை நின்று பார்த்தாரா என்றெல்லாம் விசாரிப்பேன். கடைக்காரர் நல்ல மனுசர், கொஞ்ச நாள் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒருநாள் கல்லாவை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லா ரைட்டரும் வந்து எத்தனை வித்துச்சுன்னு கேப்பாக. நீங்க ஒரு ஆளுதான் டீச்சர், வாங்குனவன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு கேக்குறீக."

வராமல் இருந்திருந்தால்

கே.கே. நகரில் நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து மாதம் ஒரு புத்தகம் படித்துப் பேசிக்கொள்வார்கள். ஒரு டாக்டரின் மனைவி வீட்டில் கூடுவார்கள். என்னையும் கூப்பிட்டு, நல்ல சோபாவில் உட்காரவைத்து, பக்குவமாகப் பேசினார்கள். குடும்பக் காட்சிகள் பிரமாதமாம். பேச்சு வழக்கு அச்சு அசலாம். முடிவுதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மகன் திரும்பி வந்தது ரொம்பச் சுலபமாக இருக்கிறது, வாழ்க்கையில் அப்படியெல்லாம் நடக்காது என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள். வாழ்க்கையில் நடக்காது என்பது எனக்கும் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? கேட் வரை வந்து வழியனுப்பும்போது டாக்டர் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மகன் கடைசி வரைக்கும் வராமலே முடிச்சிருந்தீங்கன்னா, உங்களுக்கு ஏதாச்சும் ஒரு பரிசு கிடைச்சிருக்கும் டீச்சர்."

ஆரப்பாளையம் பஸ்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்டைத் தட்டுகிற சத்தம். ஞாயிற்றுக்கிழமை கேட் சத்தம் என்றால் எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிடும். ஓடிப் போய்த் திறந்தால் கட்டம் போட்ட சட்டையில் ஒரு பெரியவர், கக்கத்தில் மஞ்சள் பை. சமயநல்லூரில் இருந்து வருகிறாராம். பைக்குள் இருந்து என் நாவலை எடுத்தார். அவர் கிறிஸ்தவர் இல்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் படித்திருக்கிறார். நாவலில் வருகிற அந்தத் தெரு எது, அந்தக் கோயில் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். தங்கள் ஊரைச் சுற்றி எட்டுத் திசையிலும் போய் விசாரித்துவிட்டார். யாருக்கும் தெரியவில்லை.

நான் மென்று முழுங்கி, அது கற்பனை ஊர் என்று சொன்னேன். அவருக்குச் சட்டென்று முகம் விழுந்துவிட்டது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். மெல்ல விஷயம் வந்தது. அவருடைய மகள் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இனி என் மூஞ்சியில் முழிக்காதே என்று இவர்தான் சொன்னாராம். இப்போது பேரன் பிறந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அந்தச் சப்பரத் தெருவில் போய் நின்று வேண்டிக்கொண்டால் மகள் வந்துவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை.

மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்டேன். ஆரப்பாளையம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சமயநல்லூரில் இருந்து கோச்சடைக்கு வருகிறவர் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில்தான் இறங்கி மாறியிருக்க வேண்டும். ஆமாம், அங்கேதான் மாறினேன் என்றார். "அய்யா, எங்க அண்ணன் எந்த ஊர்ல இருக்கான்னே எங்களுக்குத் தெரியாது. உங்க மக ஒரு பஸ் தூரத்துல இருக்கா. நேராப் போயிப் பாத்துர வேண்டியதுதான?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். பொறாமைதான், வேறொன்றும் இல்லை. அவர் நாவலைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"பஸ்ஸு அஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணு போகுது தாயி. ஏறுறதுக்குத்தான் அற்புதம் வேண்டியிருக்கு."

பேசாத போன்

கொஞ்ச நாளாக ஒரு போன் வந்துகொண்டிருந்தது. எடுத்து ஹலோ சொன்னால் எதிர்ப்பக்கம் பேச்சில்லை, மூச்சு மட்டும். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வைத்துவிடுவார்கள். முதல் தடவை ராங் நம்பர் என்று விட்டுவிட்டேன். அடுத்தடுத்து வந்தபோது எனக்குள் ஏதோ கிளம்பிவிட்டது. பேச வாய் வராமல் நிற்பது யாராக இருக்கும்? வாசலில் பெட்டியோடு நின்ற அன்றைக்கும், அப்பா அப்படிச் சொன்ன பிறகு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் போன் வந்தது. அதே மூச்சு. நான் வைக்கவில்லை. "அண்ணே" என்றேன். "அண்ணே, நான் ஸ்டெல்லா. வைக்காத. அப்பா போயிட்டாருண்ணே. உன்னைய நினைச்சுக்கிட்டேதான் போனாரு. அம்மா நல்லா இருக்கு. நாங்க கோச்சடைக்கு வந்துட்டோம். நீ சாமியாராகலைன்னு யாருக்கும் இங்க கோவம் இல்ல. வந்துருண்ணே." சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாததை எல்லாம் அந்தக் கறுப்பு ரிசீவரிடம் சொல்லி முடித்தேன். அப்போதுதான் எதிர்ப்பக்கமும் யாரோ அழுவது கேட்டது. அண்ணன் இல்லை. சின்னப் பெண்ணின் குரல். என்னிடம் பத்தாம் வகுப்பில் படிக்கிற பிள்ளை. நாவல் பிடித்திருக்கிறது என்று சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் போன் செய்திருக்கிறாள், கணக்கு டீச்சரின் குரலைக் கேட்டதும் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டதாம். இன்றைக்காவது நான் பேச ஆரம்பித்ததும் வைத்திருக்கலாமே பிள்ளை என்று கேட்டேன்.

"வைக்கத்தான் போனேன் டீச்சர். நீங்க 'வைக்காத'ன்னு சொன்னீங்க."

நன்றிப் பூசை

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது உடம்பு சுகமானால், வேலை கிடைத்தால், நினைத்தது நடந்தால், நன்றியாக ஒரு பூசைக்குக் கொடுப்பார்கள். பூசை தொடங்குமுன் யாருக்காக, என்ன நன்மைக்காக என்று மைக்கில் வாசிப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். மைக்கில் இறந்தவர்கள் பெயர்கள் வந்தன, ஒரு கல்யாண நாள் வந்தது. பிறகு இது வந்தது: "மரியதங்கம் அம்மாவின் மகன் ஜெரோம், பல ஆண்டுகளுக்குப் பிறகு நலமாக வீடு திரும்பியதற்கு நன்றியாக…"

மரியதங்கம் என்பது என் அம்மா. கோயிலே எங்களைத் திரும்பிப் பார்த்தது. பூசைக்குக் கொடுத்தது யார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அடுத்த தெரு ரெஜினா அக்கா. பழைய வாடகை வீட்டுக் காலத்திலிருந்தே எங்களோடு பழக்கம், எங்களுக்குப் பிறகு அவரும் இங்கே குடிவந்துவிட்டார். அண்ணனைச் சின்னப் பிள்ளையில் தூக்கி வளர்த்தவர். நாவலைப் படித்துவிட்டு, பையன் வந்துவிட்டான், குருமடத்தை விட்டு வந்த வெட்கத்தில் வீட்டுக்காரர்கள் வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறார்கள், நாமாவது நன்றி சொல்லுவோம் என்று அவராகவே கொடுத்துவிட்டார். டீச்சர் இல்லாததை எழுத மாட்டாள் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. பூசை முழுவதும் நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அம்மா என் நாவலைத் தொட்டவள் இல்லை. "உள்ளது எனக்கே தெரியும், இல்லாததைப் படிச்சு என்ன செய்ய?" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். இப்போது இல்லாததை மைக் வைத்துச் சொல்லிவிட்டார்கள். முழங்காலில் நின்றவள் எல்லோரும் எழுந்த பிறகும் எழவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் அம்மாவைக் கட்டிப்பிடித்தார், ஒருவர் பையன் எங்கே என்று என் முதுகுக்குப் பின்னால் தேடினார். ரெஜினா அக்கா கண்ணீரும் சிரிப்புமாக வந்து நின்றார். நான் அவரைத் தனியாக இழுத்துப் போய், கதைதான் அக்கா, அத்தனையும் கதைதான் என்றேன். அந்த அக்காவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அம்மாவின் காலில் விழப்போனார். அம்மா அவரைத் தோளைப் பிடித்து நிறுத்தினாள். கோபம் வரும் என்று நான் பயந்தேன். வரவில்லை.

"எதுக்கு அழுகுற ரெஜினா? நான் இம்புட்டு வருசமா வந்தா நன்றி சொல்றேன், வந்தா நன்றி சொல்றேன்னு பேரம் பேசிக்கிட்டே இருந்தேன். நீ முன்னாலயே சொல்லிப்புட்ட. இனி அவனைக் கொண்டாந்து விடாம இருந்தா ஆண்டவருக்குத்தான அது கேவலம்?"

கடைசி அத்தியாயம்

வீட்டுக்கு வந்து சேலை மாற்றிக்கொண்ட அம்மா, முருங்கைக்கீரையை முறத்தில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் உருவினாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "ரெஜினா நம்புற மாதிரி அப்படி என்னத்த எழுதி வச்சிருக்க? வாசி, கேப்போம்" என்றாள். முதலில் இருந்தா என்று கேட்டேன். "போனதெல்லாம் நான் கண்ணால பாத்ததுதான? வந்ததை மட்டும் வாசி."

கடைசி அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ பேர் படித்துவிட்டார்கள், ஏசினார்கள், அழுதார்கள், வழி கேட்டார்கள். இது அம்மாவுக்குப் பிடிக்காமல் போனால் நான் நாவலே எழுதியிருக்கக் கூடாது என்று தோன்றியது. கொட்டுச் சத்தம், கூட்டம், தெருமுனையில் நின்றுவிட்ட சப்பரம் என்று வாசித்துக்கொண்டே போனேன். மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிற இடத்தில் அம்மாவின் கை கீரைக் காம்பில் நின்றுவிட்டது. அவன் தோள் கொடுக்கிறான். தாய் வாசலில் இருந்து பார்க்கிறாள். சப்பரம் திரும்புகிறது. பூ உதிர்கிறது. முற்றும்.

புத்தகத்தை மூடினேன். அம்மா அடுத்த வரிக்காகக் காத்திருக்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்புட்டுத்தானா?" என்றாள். அம்புட்டுத்தான்மா, சப்பரம் திரும்பிவிட்டது, கதை முடிந்துவிட்டது என்றேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்த அத்தனை வாசகர்களிலும் கோபமான வாசகி வாயைத் திறந்தாள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

"சப்பரம் திரும்புச்சு, சரி. எம்புட்டு வருசம் கழிச்சு வந்த பிள்ளை, அம்புட்டு பாரத்தையும் தோள்ல வாங்கிக்கிட்டு நிக்கிறான். அவனை உள்ள கூப்பிட்டு ஒரு வாய் சோறு போட்டாளா இல்லையா அந்தத் தாய்க்காரி? அதை எழுதாம என்னத்தடி நாவல் எழுதுன?"

இரண்டாம் பதிப்பில் முதல் வேலையாக அவனை உட்காரவைத்துச் சோறு போட்டுவிட வேண்டும் என்றுதான் இருக்கிறேன், முதல் பதிப்புதான் இன்னும் விற்றுத் தீர்ந்தபாடில்லை.